அண்ணாமலை தீபத்தில் எத்தனை யூனிட்? தெரியுமா!

கார்த்திகை தீபத்தன்று மாலை சரியாக 6 மணிக்கு, 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் மகா தீபம் ஏற்றப்படுகிறது. ஆளுயரச் செப்புக் கொப்பரை, ஆயிரம் மீட்டருக்கும் மேல் காடாத் துணித் திரி, 3,500 கிலோ நெய். சில ஆண்டுகளில் நெய் 4,500 கிலோ வரைகூடப் போகும். இதையெல்லாம் ஒவ்வொரு கார்த்திகையிலும் பத்திரிகையில் படிக்கிறோம். ஆனால் அந்த நெய்க்குள் எத்தனை யூனிட் ஆற்றல் அடைந்திருக்கிறது, தெரியுமா?

36,000 யூனிட்!

கணக்கு எளிதுதான். ஒரு கிலோ நெய்யை முழுதாக எரித்தால் வரும் வெப்பம் சுமார் 37 மெகாஜூல். நம் வீட்டு மீட்டர் பேசும் மொழியில் சொன்னால் பத்து யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். 3,500 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு இலவசமாகக் கொடுக்கிறதே 100 யூனிட், அதை 360 வீடுகளுக்குக் கொடுக்கும் அளவு! தீபம் எரிகிற 11 நாளுக்கும் சராசரி பார்த்தால், இரவும் பகலும் 130 கிலோவாட்டுக்கு மேல் அந்த உச்சியில் எரிகிறது. வெப்பமாக வருவது அப்படியே கரன்ட்டாகிவிடாது, பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் அவ்வளவும் ஒரு கொப்பரையில் கொள்ளும் ஆற்றல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. சாலையில் ஓடும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரி பெரும்பாலும் 3 யூனிட் பிடிக்கும். அதன் எடை இருபது கிலோவுக்குக் குறையாது. ஒரே ஒரு கிலோ நெய்யில் மூன்று ஸ்கூட்டர் பேட்டரியின் ஆற்றல் இருக்கிறது! மனிதன் இத்தனை காலம் எண்ணெயையும் நெய்யையும் விறகையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான். சூரியன் புல்லுக்குக் கொடுத்ததை மாடு மேய்ந்து, பாலாக்கி, நாம் வெண்ணெய் கடைந்து உருக்கி, ஒரு குடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம். வெயிலைச் சேமிப்பதில் இதைவிடப் பழைய முறைகள் அதிகம் இல்லை.

தீபம் அணைந்தபின் கொப்பரையில் படிந்த கரியைச் சேகரித்து, ஆருத்ரா தரிசனத்தின்போது நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்கு மையாகக் கொடுக்கிறார்களே, அந்த மை என்ன தெரியுமா? நெய்யிலும் திரியிலும் இருந்து, முழுதாக எரியாமல் தப்பித்த கார்பன். அதாவது வெளியே வராமல் தங்கிவிட்ட ஆற்றல். நெற்றியில் இட்டுக்கொள்கிற அந்தக் கறுப்பு இன்னும் எரியக்கூடியது!

இனிதான் நெஞ்சை அடைக்கும் கணக்கு. அந்த 3,500 கிலோ நெய்யையும் ஆட்கள் தோளிலும் தலையிலும் சுமந்து மலையுச்சிக்கு ஏற்றுகிறார்கள். ஈரப் பாறை, முள், செங்குத்து ஏற்றம். இவ்வளவு உழைப்பில் நெய்க்குள் கூடுதலாக எவ்வளவு ஆற்றல் ஏறியிருக்கும்? உயரத்தில் வைத்த எந்தப் பொருளுக்கும் கீழே விழும்போது திருப்பித் தருகிற ஆற்றல் உண்டல்லவா, அதைத்தான் கேட்கிறேன். எப்படிப் போட்டாலும் 8 யூனிட்டைத் தாண்டாது! உள்ளே இருப்பது 36,000. தூக்கி வைத்ததால் சேர்ந்தது வெறும் எட்டு. ஒரு ஏசி ஒரு ராத்திரி ஓடினால் தீர்ந்துபோகும்.

உயரத்தில் தூக்கி வைப்பது என்பது அவ்வளவு பலவீனமான சேமிப்பு. அப்படியிருந்தும், இன்று உலகத்திலேயே மிக அதிக அளவில் மின்சாரம் சேமிக்கப்படுவது எப்படித் தெரியுமா? தூக்கி வைத்துத்தான்! நெய்யை அல்ல, தண்ணீரை.

மலைக்குள் ஒளிந்திருக்கும் பேட்டரி

தமிழ்நாட்டின் மிகப்பெரிய பேட்டரி எங்கே இருக்கிறது தெரியுமா? ஆனைமலையில். பெயர் கடம்பாறை. 1987-இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். மின்நிலையம் வெளியே தெரியாது, மலையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டியிருக்கிறார்கள். மேலே கடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. வால்பாறைக்குப் பேருந்தில் போகிற ஆயிரக்கணக்கானவர்கள் இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதே தெரியாமல் கடந்து போகிறார்கள்.

அது செய்கிற வேலையைக் கேளுங்கள். கரன்ட் மிஞ்சிக் கிடக்கிற நேரத்தில் அதே கரன்ட்டைக் கொண்டு கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு இறைத்து வைக்கிறது. ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறது. இதற்கு ஒரு பம்பு, ஒரு டர்பைன் என்று இரண்டு இயந்திரம் கிடையாது. ஒரே இயந்திரம்தான். ஒரு பக்கம் சுற்றினால் மின்சாரம் தரும். மறுபக்கம் சுற்றினால் தண்ணீர் ஏற்றும்!

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா? நம் மொட்டை மாடியில் நிற்கிறதே ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, அது நிறையத் தண்ணீரை 367 மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால் ஒரு யூனிட். கடம்பாறையின் இரண்டு அணைகளுக்கும் இடையிலுள்ள உயரமும் ஏறத்தாழ அந்த அளவுதான். நான்கு இயந்திரமும் ஒன்றாக ஓடினால் வினாடிக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் பாயவேண்டும். ஒவ்வொரு வினாடியும் நூறு மாடித் தொட்டிகள்!

நூறு யூனிட் கொடுத்து ஏற்றினால் திரும்பி வருவது எழுபது முதல் எண்பது வரைதான். மிச்சம் உராய்விலும் சூட்டிலும் போய்விடும். நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் ஏற்றுகிற நேரத்தில் அந்த நூறு யூனிட்டுக்குக் கேட்பாரில்லை. இறக்குகிற நேரத்தில் எழுபத்தைந்து யூனிட்டுக்கு மாநிலமே காத்திருக்கிறது. நேரத்தை மாற்றிக் கொடுப்பதற்கான கூலி அந்த இருபத்தைந்து. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டு மின்துறை செய்த மிகத் தொலைநோக்கான வேலைகளில் கடம்பாறைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். சூரிய மின்சாரம் என்ற பேச்சே ஊரில் இல்லாத காலத்தில் கட்டியது அது!

ஆடியில் கொட்டும், கார்த்திகையில் காயும்

ஏன் இந்தச் சேமிப்புக்கு இவ்வளவு ஆலாபனை என்கிறீர்களா? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிற மே முதல் செப்டம்பர் வரைதான் நம் காற்றாலைகளுக்கு அறுவடைக் காலம். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் ஒரு சின்னப் பண்ணையாகத் தொடங்கிய காற்றாலை, இன்று தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் பண்ணை 2016-இல் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது.

இவ்வளவு இருந்தும் ஒரு நேரம் இருக்கிறது, மின்வாரியத்தின் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்கிற நேரம். அது மாலை 6 மணி. சூரியப் பலகைகள் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதே நிமிடத்தில் வீட்டு விளக்கு, கடை விளக்கு, டிவி, மிக்சி எல்லாம் ஒன்றாக உயிர்பெறும். மாலை 6 முதல் 10 வரை உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குக் கூடுதல் கட்டணம் போடுவது இதனால்தான். கார்த்திகை மாதம் என்றால் இன்னும் மோசம். தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும், வானம் மூடியிருக்கும்.

கார்த்திகை மாதம், மாலை 6 மணி. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. நம் முன்னோர் மலையுச்சியில் பெருந்தீபம் ஏற்றத் தேர்ந்தெடுத்த பொழுது, இன்றைய மின்பொறியாளர் மிகவும் அஞ்சுகிற அதே பொழுது! பர்வதராஜ குலத்தார் ஏற்றுகிற அந்தச் சுடருக்கு அந்த நேரத்து வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நெய் போதும்.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 30 அன்று, ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவானது. அந்த 45 கோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அளவுகோல் அதுதான்.

சாத்தனூரும் ஒரு நார்வே ஏரியும்

திருவண்ணாமலைக்காரர்களின் பெருமை சாத்தனூர் அணை. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்தது. 119 அடி, 7,321 மில்லியன் கன அடி. சுற்றுலா போனவர்களுக்கு முதலைப் பண்ணை ஞாபகம் இருக்கும். அங்கே 7.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அணை நிறைந்து நிற்கும்போது அதிலுள்ள தண்ணீருக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கும் என்று சராசரியாக 20 மீட்டர் உயரம் வைத்துப் பார்த்தால், சுமார் 1 கோடியே 10 லட்சம் யூனிட் வருகிறது. பெரிய எண்தான். ஆனால் 45 கோடி செலவாகிற நாளில் அது தமிழ்நாட்டுக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்!

இப்போது நார்வேக்கு வாருங்கள். தெற்கு நார்வே மலைகளில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே, ப்ளோஷோ என்று ஒரு ஏரி. கடம்பாறை உருவான அதே எண்பதுகளில் அணை கட்டி உண்டாக்கியது. அதன் கொள்ளளவு சாத்தனூரைப்போல் 15 மடங்கு. அதிலுள்ள மின்சாரம்? 780 கோடி யூனிட். சாத்தனூரைப்போல் 700 மடங்கு! தண்ணீர் 15 மடங்குதான், மின்சாரம் மட்டும் 700 மடங்கு எப்படி? உயரம். அங்கே தண்ணீர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மலையில் ஏறிய நெய்க்கு எட்டு யூனிட்தான் என்று பார்த்தோமே, அதே பலவீனமான கணக்கு, 300 கோடி டன் தண்ணீர் என்று வரும்போது எப்படி விசுவரூபம் எடுக்கிறது பாருங்கள்!

அந்த ஒரு ஏரி, மின்தேவை உச்சத்தில் இருக்கும் தமிழ்நாட்டை 17 நாள் ஓட்டும். நார்வேயின் எல்லா நீர்த்தேக்கங்களையும் சேர்த்தால் 8,700 கோடி யூனிட். ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாடே ஓடும்! ஐரோப்பாக் கண்டத்தின் நீர்த்தேக்க மின்சாரத்தில் பாதி அந்த ஒரு நாட்டில் இருக்கிறது. அங்கே மக்கள்தொகையோ வெறும் 55 லட்சம் சொச்சம்.

இதில் நான் மிகவும் ரசிக்கிற விஷயம் வேறு. நார்வேயும் டென்மார்க்கும் 1970-களிலேயே கடலுக்கடியில் கேபிள் போட்டு இணைந்துவிட்டன. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிற நாடு. அங்கே காற்று பலமாக அடித்தால் என்ன நடக்கும் தெரியுமா? மிஞ்சிய மின்சாரம் கேபிள் வழியாக நார்வேக்குப் போகும். நார்வே தன் அணைகளின் மதகை மூடிவிடும். அவ்வளவுதான்! தண்ணீரை மேலே ஏற்றக்கூட வேண்டாம். திறக்காமல் இருப்பதே சேமிப்பு. காற்று ஓய்ந்ததும் மதகைத் திறந்து டென்மார்க்குக்குத் திருப்பி அனுப்பும். 2021-இல் ஜெர்மனிக்கு 623 கிலோமீட்டர், பிரிட்டனுக்கு 720 கிலோமீட்டர் என்று இன்னும் இரண்டு பெரிய இணைப்புகள் வந்துவிட்டன. இங்கிலாந்துக் காற்றை நார்வே ஏரி சேமித்து வைக்கிறது!

நாமும் அப்படிச் செய்யலாமே? ஆடிக் காற்றில் கரன்ட் கொட்டும்போது மேட்டூரை மூடிவிட்டால் ஆயிற்றே? முடியாது. ஜூன் 12 வந்தால் டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டும், குறுவை காத்திருக்கிறது. காற்று சீசனும் குறுவையும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன. நார்வே அணைகள் பெரும்பாலும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. நம் சமவெளி அணைகளுக்கு நெல்தான் எஜமான், மின்சாரம் உபரி வருமானம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சாத்தனூர்த் தண்ணீரும் முதலில் கழனிக்கு, குடிநீருக்கு. கரன்ட்டுக்கு அப்புறம்தான்.

ஆகவேதான் நமக்குக் கடம்பாறைகள் தேவைப்படுகின்றன. பாசனத்தைத் தொந்தரவு செய்யாமல், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு தேக்கங்களுக்கு நடுவில் அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவது. நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி அணைகளை இணைத்து 500 மெகாவாட் குந்தா திட்டத்துக்குப் பல ஆண்டுகளாக மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் இதற்கென்று தனிக் கொள்கையே தமிழக அமைச்சரவை ஒப்புதல் பெற்றது. ஆந்திராவின் பின்னாபுரத்திலோ, ஆற்றோடு சம்பந்தமே இல்லாமல் 1,680 மெகாவாட்டுக்குத் திட்டம் போட்டு வேகமாகக் கட்டினார்கள். கடம்பாறை கட்டி நாற்பது வருடம் ஆகப்போகிறது. இரண்டாவது ஒன்றை இன்னும் முடிக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கமுடியாத தாமதமாகப் படுகிறது.

ஒரு வேதனையான கணக்கும் உண்டு. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட வேண்டி வந்தது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாடு தெரியும். அந்த வெள்ளம் மதகில் விழுந்த வேகத்தை மின்சாரமாகப் பார்த்தால் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல். பக்கத்திலிருந்த டர்பைனோ 7.5 மெகாவாட். வெள்ளத்தைப் பிடித்து மின்சாரமாக்க யாராலும் முடியாது. ஆனால் ஓர் இரவில் இயற்கை எவ்வளவை எடுத்து வீசுகிறது என்பதை அந்த எண் காட்டுகிறது.

கல்சட்டித் தத்துவம் பின்லாந்திலும்

தண்ணீரை விடுங்கள், கல்லில் மின்சாரத்தைச் சேமிக்கிறார்கள் தெரியுமா? பின்லாந்தில் கன்கான்பா என்ற ஊரில் 2022-இல் நூறு டன் மணலை ஒரு இரும்புக் குதிருக்குள் கொட்டி, மிஞ்சிய மின்சாரத்தால் 500 டிகிரி சூடாக்கி வைத்தார்கள். அந்தச் சூட்டை வீடுகளுக்கு வெந்நீராக அனுப்பினார்கள். அது நன்றாக ஓடவே, 2025-இல் போர்னாய்னென் என்ற சிற்றூரில் பெரிதாக ஒன்று வந்தது. 13 மீட்டர் உயரம், 15 மீட்டர் அகலம், ஒரு லட்சம் யூனிட் வெப்பம். நம் தீபக் கொப்பரைகள் மூன்று!

அதற்குள் என்ன கொட்டியிருக்கிறார்கள் தெரியுமா? 2,000 டன் மாக்கல் தூள். கணப்பு அடுப்பு செய்கிற ஆலையில் மிஞ்சிய கழிவு. மாக்கல் என்றால் வேறொன்றுமில்லை, சேலத்துப் பக்கம் செதுக்கி விற்கிறார்களே கல்சட்டி, அதே கல்! வத்தக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தபிறகும் அஞ்சு நிமிடம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்தக் குணத்துக்காகத்தான் பின்லாந்துக்காரர்களும் அதைப் பிடித்தார்கள். நம் பாட்டிமார் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சட்டியை இறக்கிவிடுவார்கள், மிச்சத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். ஒரு சிற்றூரே குளிருக்கு அந்தக் கல்லை நம்பியிருக்கிறது. கோடையில் ஒரு மாதம், கடுங்குளிரில் ஒரு வாரம் அந்த ஊரின் வெப்பத் தேவைக்கு அது போதும்.

நமக்கு வீடு சூடாக்கும் வேலை கிடையாது. ஆனால் சமைக்க வேண்டுமே! திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே ஆரோவில்லின் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வெயிலைக் குவித்து எண்ணெயைச் சூடாக்கி, அதிலிருந்து நீராவி எடுத்து, ஆயிரம் பேர் அளவுக்குச் சமையல். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற லட்சக்கணக்கானோருக்கு வழியெங்கும் அன்னதானம் நடக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா?

சித்திரா பௌர்ணமியன்று செருப்பில்லாமல் கிரிவலம் போயிருக்கிறீர்களா? சூரியன் மறைந்து வெகுநேரம் ஆனபிறகும் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுடும், மலைப்பக்கமிருந்து அனல் அடிக்கும். பகல் முழுக்கப் பாறை குடித்த வெயிலை ராத்திரியில் திருப்பித் தருகிறது. பின்லாந்துக்காரர்கள் குதிருக்குள் செய்ததை இந்த மலை தினமும் செய்துகொண்டிருக்கிறது.

ஒன்பது நிமிடம்

2020 ஏப்ரல் 5. இரவு 9 மணி. ஊரடங்குக் காலத்தில் நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றினோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது திரைமறைவில் என்ன நடந்தது தெரியுமா? சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சடாரென்று விழுந்தது. முழுத் தமிழ்நாட்டின் உச்சத் தேவையைப்போல் ஒன்றரை மடங்கு! உற்பத்தியும் அதே வேகத்தில் குறையாவிட்டால் அதிர்வெண் எகிறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டு நாடே இருண்டிருக்கும். அனல் நிலையத்தை நினைத்தவுடன் குறைக்கமுடியாது. நாட்டைக் காப்பாற்றியது தண்ணீர்தான். நீர்மின் நிலையங்கள் மட்டும் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்து, ஒன்பது நிமிடம் முடிந்ததும் மறுபடி ஏற்றிக்கொடுத்தன. மக்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டு அறைகளில் இருந்தவர்கள் 50 ஹெர்ட்ஸ் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.

அதற்கு முன்பு 2012 ஜூலை கடைசியில் வடக்கும் கிழக்கும் இருண்டு 60 கோடிப் பேர் தவித்தபோது தென்னிந்தியா ஏன் தப்பியது தெரியுமா? அப்போது தென்னக மின்தொகுப்பு மற்றவற்றோடு ஒரே லயத்தில் இணைந்திருக்கவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக அந்த இணைப்பு வந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் வழித்தடமே இருக்கிறது.

கோயில் ஊருக்கு ஒரு பேட்டரி

குஜராத்தின் மொதேரா. ஆயிரம் ஆண்டுப் பழமையான சூரியக் கோயில் இருக்கிற ஊர். 2022 அக்டோபரில் 24 மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஊர் என்று அறிவித்தார்கள். ராத்திரிக்கும் சூரியனா? ஆமாம்! ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு மாடிகளில் சூரியப் பலகை, அருகில் 6 மெகாவாட் பண்ணை, அதோடு 15,000 யூனிட் பிடிக்கும் பேட்டரி.

15,000 யூனிட். திருவண்ணாமலை தீபத்து நெய்யில் பாதிக்கும் குறைவு!

பேட்டரி என்றாலே யானை விலை என்ற எண்ணமும் மாறவேண்டிய நேரம் இது. 2022-இல் மத்திய அரசு நிறுவனமான செக்கி பேட்டரிச் சேமிப்புக்கு ஏலம் விட்டபோது ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனது. 2025-இல் மாநில ஏலங்களில் அது 2 லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது, அரசு மானியத்தோடு. மூன்றே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு! தமிழ்நாட்டின் பசுமை எரிசக்திக் கழகமும் துணை மின்நிலையங்களில் பேட்டரி வைக்க ஏலம் விட்டிருக்கிறது. மாலை 6 மணியைத் தாண்ட இரண்டு மணி நேரப் பேட்டரி பெரிய கை கொடுக்கும். நாள்கணக்கில் சேமிக்க மலையும் தண்ணீரும்தான். இரண்டும் வேண்டும், ஒன்று வந்துவிட்டது என்று மற்றதை விட்டுவிடக்கூடாது.

சரி, பேட்டரியே இல்லாமல், இன்றைக்கே, உங்கள் கையால் மின்சாரம் சேமிக்க முடியும் தெரியுமா? வீட்டு மோட்டாரைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போடாமல் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போடுங்கள். கமுதியின் வெயில் உங்கள் மாடித் தொட்டிக்கு ஏறி உட்கார்ந்துகொள்ளும். செங்கத்திலும் போளூரிலும் மல்லாட்டைக்கும் கரும்புக்கும் தண்ணீர் கட்டுகிறவர்கள் கிணற்று மோட்டாரைப் பகலில் ஓட்டினால் அது இன்னும் பெரிய சேமிப்பு. தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் பெறும் விவசாய இணைப்புகள் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரி, கிரைண்டர் எல்லாவற்றையும் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் நடுவில் முடித்துவிடுங்கள்.

மொட்டை மாடி சொந்தமாக இருந்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட் பலகைக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் போதும். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் வரும். மின்கட்டண ரசீதில் உள்ள இணைப்பு எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.